மார்பகப் புற்றுநோயும் பரம்பரையலகும்: இரத்தப் பரிசோதனை சொல்வது என்ன, குடும்ப வரலாறு சொல்வது என்ன

ஒக்டோபர் மாதம் வந்ததும் மார்பகப் புற்றுநோய் விழிப்பூட்டல் சுவரொட்டிகள் வைத்தியசாலைச் சுவர்களில் ஏறுகின்றன. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு செய்தியும் கைபேசிகளில் சுற்றுகிறது. கொஞ்சம் இரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும், இந்த நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறது அது. அதைப் படித்தவர்கள் திருகோணமலை நகரில் என்றாலும் மூதூர், கிண்ணியாவில் என்றாலும் கேட்பது இரண்டே கேள்விகள்தாம். "அம்மாவுக்கு வந்தது, எனக்கும் வருமா?" என்பது ஒன்று. "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை, எனக்குப் பயமில்லைதானே?" என்பது மற்றது.

முதல் கேள்வி கேட்பவர்கள் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். இரண்டாவது கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நிம்மதியாக இருக்கிறார்கள். பரிசோதனையின் விடைக்குப் பொருள் கிடைப்பது குடும்ப வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான். நமது மாவட்டத்தில் அந்த வரலாறு பல வீடுகளில் அறுந்து கிடக்கிறது. அறுந்த இடங்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

அடிப்படை: எழுத்து மாறினால் என்ன ஆகும்?

நமது உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றிலுள்ள டி.என்.ஏ.யை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட நீண்ட வரிசை எனலாம். எழுத்து வகைகள் நான்கு மட்டுமே: ஏ, டி, ஜி, சி. அந்த வரிசையில், ஒரு புரதத்தைச் செய்வதற்கான கட்டளை அடங்கிய பகுதி பரம்பரையலகு (மரபணு என்றும் சொல்வர்). ஒவ்வொரு பரம்பரையலகிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து வருகிறது, மற்றது தந்தையிடமிருந்து.

எவருடைய வரிசையும் இன்னொருவருடையதைப் போல அச்சு அசலாக இருப்பதில்லை. உலகின் 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து 2015இல் நிறைவான முடிவுகளை வெளியிட்ட 'ஆயிரம் ஜெனோம்' திட்டம், ஒவ்வொரு மனிதரும், ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் பொது வரிசையிலிருந்து 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடுகிறார் என்று காட்டியது. அந்த 26 கூட்டங்களில் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். எனவே வேறுபாடு இருப்பதே குறை என்று எவரும் கலங்க வேண்டியதில்லை. அந்த இலட்சக்கணக்கான மாறுதல்களில் மிகப் பெரும்பான்மை உடலுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எல்லாப் புற்றுநோயிலும் டி.என்.ஏ. கெட்டுப்போயிருக்கும். ஆனால் பெரும்பாலான நோயாளர்களில் அந்தக் கேடு பிறந்த பிறகு, வயது ஏற ஏற, மார்பகத்தின் ஏதோ ஒரு கலத்தில் நேர்ந்தது. அது பிள்ளைகளுக்குப் போகாது. பெற்றோரிடமிருந்தே வந்து, உடலின் எல்லாக் கலங்களிலும் இருக்கும் வலுவான விகாரம் (பரம்பரையலகைக் கெடுக்கும் எழுத்து மாறுதல்) காரணமாக ஏற்படுபவை மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. தாய்க்கு நோய் வந்த மகள்களில் பெரும்பாலானோர் இந்தச் சிறு பகுதிக்குள் வருவதில்லை.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2: காவல் குறையும் இடம்

இளவயதிலேயே பல பெண்களுக்கு நோய் வந்த குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த மேரி-கிளயர் கிங் என்ற அமெரிக்க ஆய்வாளர், அதற்குக் காரணமான பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று 1990இல் அறிவித்தார். மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வர முடியும் என்பதையே பலர் ஏற்காத காலம் அது. 1994இல் அந்தப் பரம்பரையலகு, பிஆர்சிஏ1, பிரித்தெடுக்கப்பட்டது. 13ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பிஆர்சிஏ2 அடுத்த ஆண்டு கண்டறியப்பட்டது.

இவை புற்றுநோயை உண்டாக்குவதற்காக உடலில் இருப்பவை அல்ல. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால் பிழையின்றி இணைப்பது இவற்றின் புரதங்கள் செய்யும் வேலை. ஒரு மீன்வாடியில் வலை பொத்தத் தெரிந்தவர்கள் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் பொத்திவிடுவார், கிழிசல் கடலுக்குப் போகாது. இருவரும் இல்லாத அன்றுதான் கிழிந்த வலை தோணியில் ஏறும். விகாரத்தோடு பிறந்தவருக்கு எல்லாக் கலங்களிலும் ஒரு பிரதி முதலிலிருந்தே வேலை செய்வதில்லை. மற்றப் பிரதி பல ஆண்டுகள் தனியாகச் சமாளிக்கிறது. மார்பகத்திலோ சூலகத்திலோ ஒரு கலத்தில் அதுவும் கெட்டுவிட்டால், அந்தக் கலத்தில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரத் தொடங்குகின்றன. விகாரம் உள்ள எல்லாருக்கும் நோய் வராததற்கும், வருபவர்களுக்கு மற்றவர்களைவிட இளவயதில் வருவதற்கும் காரணம் இதுதான்.

ஒரு விகாரத்தைக் கிட்டே சென்று பார்ப்போம். அறிக்கைகளில் '185டெல்ஏஜி' என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த விகாரம் பிஆர்சிஏ1இல் நேர்வது. ஏ, ஜி என்னும் இரண்டே எழுத்துகள் அதில் விடுபட்டிருக்கும். ஆனால் கலம் இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. இரண்டு எழுத்து போனதும் அதற்குப் பின்னால் வரும் மும்மூன்று எழுத்துக் கூட்டங்கள் அத்தனையும் இடம் பெயர்கின்றன. அமினோ அமிலங்கள் என்னும் சிறு அலகுகள் 1,863 வரை கோக்கப்பட்டு வளர வேண்டிய புரதத்துக்கு 39ஆவது இடத்திலேயே 'நிறுத்து' என்ற குறி விழுந்துவிடுகிறது. கிடைக்கும் துண்டால் எந்தப் பயனும் இல்லை.

இந்த விகாரம் கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடையே அதிகம் காணப்படுவதால் உலகப் பெயர் பெற்றது. அந்தச் சமூகத்தில் 40 பேருக்கு ஒருவர், இதையும் சேர்த்து மூன்று குறிப்பிட்ட பிஆர்சிஏ விகாரங்களில் ஒன்றைத் தாங்குகிறார். நமக்கு நெருக்கமான செய்தி வேறு: தென்னிந்தியப் பெண்களிடையே செய்யப்பட்ட ஆய்வுகளிலும் இதே விகாரம் தென்பட்டிருக்கிறது. இது வெள்ளையருடைய நோய், நமக்கு இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

எல்லா மாறுதலுக்கும் ஒரே கனம் இல்லை

செய்திகளில் 'மார்பகப் புற்றுநோய் மரபணு' என்று ஒரே பெயரில் வருபவற்றை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. அரிதானவை, ஆனால் வலிமை மிக்கவை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்பி2, டிபி53 ஆகியவை இதில் அடங்கும். ஒரே ஒரு விகாரம் ஒருவரின் வாழ்நாள் அபாயத்தைப் பல மடங்கு உயர்த்திவிடும்.

2. நடுத்தர வலிமை உள்ளவை. செக்2, ஏடிஎம் ஆகிய பரம்பரையலகுகளின் விகாரங்கள் அபாயத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகின்றன. குடும்பத்தில் வேறு காரணங்களும் சேரும்போதுதான் இவற்றின் பொருள் தெளிவாகும்.

3. மிகப் பரவலாக இருப்பவை, தனித்தனியே மிகச் சிறிய வலிமை உள்ளவை. ஓர் எழுத்து மட்டும் மாறிய இடங்கள் இவை. எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற பரம்பரையலகின் அருகே இருப்பது போன்ற முதல் சில இடங்கள் 2007இல் வெளிவந்தன. இன்று நூற்றுக்கணக்கில் தெரியும். இவற்றில் சில நம் எல்லாரிடமும் இருக்கின்றன.

மூன்றாம் அடுக்கைக் கூட்டிக் கணக்கிட்டு ஒருவருக்கு மொத்த மதிப்பெண் இடும் முறையும் அண்மைக் காலமாகப் பேசப்படுகிறது. 313 இடங்களைக் கொண்ட கணக்கு அதில் பெயர் பெற்றது. ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவிலிருந்து பிறந்தது. அந்த மதிப்பெண்ணை அப்படியே ஒரு தமிழ்ப் பெண்ணுக்கோ முஸ்லிம் பெண்ணுக்கோ சூட்டுவது சரியான அளவீடு ஆகாது. தனியார் விளம்பரங்களில் இந்த வகை மதிப்பெண் வந்தால், அதைக் கொண்டு எந்தத் தீர்மானமும் எடுக்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து.

சதவீதங்களைப் படிக்கும் முறை

பயத்தின் பெரும்பகுதி இலக்கங்களைத் தவறாகப் படிப்பதால் வருகிறது.

'இந்த மாறுதல் அபாயத்தை 20 சதவீதம் கூட்டுகிறது' என்று செய்தி வந்தால் நூற்றில் இருபது பேருக்கு நோய் வரும் என்று பொருள் இல்லை. நூறு பெண்களில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று எடுத்துக்கொண்டால், அது ஆறு பேர் ஆகும் என்பதே பொருள். மூன்றாம் அடுக்குச் செய்திகள் ஏறக்குறைய எல்லாம் இந்த வகையே.

முதல் அடுக்கில் கதை வேறு. விகாரம் உள்ள சுமார் 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 விகாரத்துக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2க்கு 69 சதவீதம். சூலகப் புற்றுநோய்க்கு முறையே 44, 17. அமெரிக்காவின் பொதுக் கணக்கு எட்டுப் பெண்களில் ஒருவர் என்பது. இலங்கையில் அது அதைவிடக் குறைவு.

அந்த 72ஐ வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அது 80 வயது வரையிலான மொத்தக் கூட்டல். இன்று பரிசோதனை செய்து நாளை வரப்போவது பற்றிய கணக்கு அல்ல. அதே ஆய்வில் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 40 வயதுக்குள் வந்த அளவு 24 சதவீதம். இது சிறிய தொகை அல்ல, ஆனால் செயல்படக் காலமும் இருக்கிறது.

குடும்ப மரத்தில் அறுந்த கிளைகள்

விகாரம் ஆண் வழியாகவும் பெண் வழியாகவும் சமமாகக் கடத்தப்படுகிறது. விகாரம் உள்ள தகப்பனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அதைப் பெறும் வாய்ப்பு 50 சதவீதம். ஆனால் நம்மிடம் 'குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா' என்று கேட்டால் தாய், அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று தாய்வழியை மட்டுமே சொல்கிறோம். கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துப் பக்கத்திலேயே இருத்திக்கொள்ளும் வழக்கம் வலுவானது. தாய்வழிச் சுற்றம் ஒரே வளவில் இருக்கும், தகப்பன்வழிச் சுற்றம் வேறு ஊரில் இருக்கும். அங்கே யார் எதனால் இறந்தார் என்பது சரியாகத் தெரிந்திருக்காது.

அதற்கு மேல் போர். 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006இல் மூதூரும் சம்பூரும் காலியான நாட்கள். ஒரு பெண் 26 வயதில் குண்டுக்கோ கடலுக்கோ பலியாகியிருந்தால், 45 வயதில் அவருக்குப் புற்றுநோய் வந்திருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. அவரை 'நோய் இல்லாதவர்' என்ற கணக்கில் சேர்ப்பது பிழை. மரபியல் ஆலோசனையில் இதற்கு முறையான இடம் உண்டு: நடுத்தர வயதைத் தாண்டி வாழ்ந்த பெண்கள் ஒரு பக்கத்தில் மிகக் குறைவாக இருந்தால், அந்தப் பக்கத்தின் 'இல்லை' என்ற பதிலுக்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பம். ஈச்சிலம்பற்றைச் சேர்ந்த 38 வயதுப் பெண். தாய் 62 வயதில் நலம், சின்னம்மா இருவரும் நலம், அம்மம்மா எண்பது கடந்து மறைந்தார். 'எங்கள் குடும்பத்தில் இல்லை' என்கிறார் அவர். தகப்பன் பக்கத்தைக் கேட்டால், ஒரே மாமி 1990இல் இடம்பெயர்ந்த வழியில் 26 வயதில் இறந்துபோனார். அப்பம்மா 44 வயதில் 'வயிற்றில் தண்ணீர் கட்டி' இறந்தார். சித்தப்பாவுக்கு 55 வயதில் புரோஸ்டேட் புற்றுநோய். வயிற்றில் நீர் கட்டுவது ஈரல் நோயாலும் வரும். ஆனால் நாற்பதுகளில் உள்ள பெண்ணில் அது முற்றிய சூலகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பிஆர்சிஏ2 விகாரம் ஆண்களில் புரோஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. ஒரு மார்பகப் புற்றுநோய் கூட இல்லாத இந்தக் குடும்பம், வைத்தியர் உட்கார்ந்து ஆராய வேண்டிய குடும்பம்.

ஆகவே மூத்தவர்களிடம் கேட்க வேண்டியவை:

1. இரு பக்கமும் மார்பகப் புற்றுநோய் யாருக்கு வந்தது, எந்த வயதில்? 50க்கு முன்பா பின்பா என்பது பெரிய வேறுபாடு.
2. சூலகம், கணையம், புரோஸ்டேட் ஆகியவற்றில் புற்றுநோய் யாருக்காவது உண்டா? ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததா?
3. இளவயதில் இறந்த பெண்கள் யார், எதனால் இறந்தார்கள்? மரணச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பயொப்சி (கட்டியிலிருந்து எடுத்த துண்டின் பரிசோதனை) அறிக்கை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

புலம்பெயர்ந்த உறவினர்களையும் மறக்கக் கூடாது. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ உள்ள மாமி மகளுக்கு அங்கே பரிசோதனை நடந்திருந்தால், அந்த அறிக்கையின் ஒரு பிரதி இங்குள்ள முழுக் குடும்பத்துக்கும் வழிகாட்டும்.

சொந்தத்துக்குள் திருமணம் செய்வது பற்றியும் கேட்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்துக்கு ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும் என்பதால், மச்சானை மணப்பதால் மட்டும் அந்த அபாயம் பிறப்பதில்லை. ஆனால் இருவரும் ஒரே பிஆர்சிஏ2 விகாரத்தைத் தாங்கியிருந்தால், இரண்டு பிரதியும் கெட்ட பிள்ளை பிறக்கலாம். அதற்கு ஃபன்கோனி இரத்தச்சோகை என்னும் கடுமையான நோய் வரும்.

யாரை முதலில் பரிசோதிப்பது, விடை எப்படி வரும்

நலமாக இருக்கும் மகளை முதலில் பரிசோதிப்பது வழக்கமான தவறு. நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைத்தான் பரிசோதிக்க வேண்டும். அவரிடம் விகாரம் கண்டுபிடிக்கப்பட்டால்தான் மகளின் 'இல்லை' என்ற விடைக்கு உறுதி கிடைக்கும். 50 வயதுக்கு முன் நோய் வந்தவர்கள், இரு மார்பகங்களிலும் வந்தவர்கள், சூலகப் புற்றுநோய் வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள், பயொப்சி அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன், ஹெர்2 என்று கட்டியின் கலங்களில் தேடப்படும் மூன்று ஏற்பிகளும் 'நெகட்டிவ்' (இல்லை) என்று வந்தவர்கள் ஆகியோர் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்பது நியாயமானது.

விடை மூன்று விதமாக வரும். நோயோடு தொடர்புள்ள விகாரம் உண்டு என்பது ஒன்று. எதுவும் காணப்படவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது: மாறுதல் இருக்கிறது, அதன் பொருள் தெளிவில்லை. உலகத் தரவுத் தொகுப்புகளில் தெற்காசியர்கள் குறைவாக இருப்பதால் இந்த மூன்றாம் விடை நமக்கு அதிகமாக வருகிறது. அதை நோய் விகாரமாக எண்ணி மார்பகத்தை அகற்றக் கூடாது, உறவினர்களைப் பரிசோதிக்கவும் கூடாது. ஆண்டுகள் செல்லும்போது இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து பின்னர் மீண்டும் கேட்பதே சரி.

வெளிநாட்டு உறவினர்கள் பரிசாக அனுப்பும் எச்சில் பரிசோதனைப் பெட்டிகள் பற்றி ஓர் எச்சரிக்கை. 23அன்ட்மீ நிறுவனத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்தது மேலே சொன்ன மூன்று யூத வம்சாவளி விகாரங்களை மட்டுமே. 2023இல் அது 44 ஆனது. பிஆர்சிஏ விகாரங்களோ ஆயிரத்துக்கும் மேல் தெரியும். அந்தப் பெட்டியில் 'காணப்படவில்லை' என்று வந்த விடையை நம்பி ஒரு மூதூர்ப் பெண் கிளினிக்குக்குப் போகாமல் விட்டால், அது மிகப் பெரிய ஆபத்து.

விகாரம் உண்டு என்று தெரிந்த பிறகு

1. கண்காணிப்பு. சர்வதேச வழிகாட்டல்கள் 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், 30 முதல் மெமோகிராமும் (மார்பக எக்ஸ்-கதிர்ப் படம்) சேர்த்துச் செய்யச் சொல்கின்றன. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கொழும்புக்கு ஒவ்வோர் ஆண்டும் போய்வருவது இலகுவான காரியம் அல்ல. குடும்பம் அதைத் திட்டமிட்டே செய்ய வேண்டியிருக்கும்.

2. சத்திரசிகிச்சை. பிள்ளைப்பேறு முடிந்த பின், பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது. சூலகப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லாததே காரணம். மார்பகங்களை அகற்றுவது அபாயத்தை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கும். ஆனால் அது அவரவர் விருப்பத் தேர்வு, கட்டாயம் அல்ல.

3. நோய் ஏற்கனவே வந்தவருக்கு. பிஆர்சிஏ விகாரம் உள்ள கட்டிகளுக்கு ஓலாபரிப் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. டி.என்.ஏ.யைத் திருத்தும் வழி ஒன்றை ஏற்கனவே இழந்த கலத்தின் மற்றொரு வழியையும் அடைத்து அதைச் சாகடிக்கும் உபாயம் இது. பரிசோதனை முடிவு இங்கே சிகிச்சையையே மாற்றுகிறது.

மரபியல் ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 முதல் இயங்கும் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. புற்றுநோய் வைத்திய நிபுணரின் கடிதத்தோடு போவது நல்லது. விகாரம் ஐயப்படாத 35 வயதைக் கடந்த பெண்களுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். மார்பகத்தில் கட்டி ஒன்று தட்டுப்பட்டுவிட்டால் பரம்பரையலகுப் பேச்சுக்கே அங்கு இடமில்லை. அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒரு குடும்பத்தில் விகாரம் எது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மற்ற உறவினர்களுக்கு முழுப் பரிசோதனை தேவையில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் வெகுவாகக் குறையும். அண்ணன் தம்பிமாருக்கும் இது பொருந்தும், அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இருக்கலாம். அந்த விகாரம் தன்னிடம் இல்லை என்று உறுதியான பெண்ணின் அபாயம் பொதுவாக மற்றப் பெண்களின் அளவுக்கே இறங்கிவிடும், அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வழியாக அது போகாது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு பிஆர்சிஏ பரிசோதனை செய்வதில்லை. அந்த வயதில் செய்யக்கூடிய தடுப்பு எதுவும் இல்லை, தெரிந்துகொள்வதா வேண்டாமா என்ற முடிவும் வளர்ந்த பின் அந்தப் பிள்ளைக்கே உரியது.